கழட்டிப் போட்டா சரியாயிடுமா?

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவையில்ல சார். கழட்டிட்டேன். இனிமே வண்டி ஹீட் ஆகாது."

கார் வச்சிருக்கிறவங்க யாராவது இதைக் கேட்காம இருந்திருப்பீங்களா? எனக்குக் கேட்டுக் கேட்டுக் காதே வலிக்குது.

அந்தப் பார்ட்டுக்குள்ள கொஞ்சம் மெழுகு இருக்கு. கூலன்ட் சூடு 82 டிகிரி, சில வண்டியில 88 டிகிரி தொட்டதும் மெழுகு உருகி விரிஞ்சு வால்வைத் திறக்கும். அப்பதான் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். அதுவரைக்கும் இன்ஜினுக்குள்ளயே சுத்தும். இன்ஜின் 90 டிகிரி பக்கத்துல ஓடணும்னுதான் அப்படி வச்சிருக்காங்க. வெளியில வெயில் 40 அடிச்சா என்ன? 40 எங்கே, 90 எங்கே?

கழட்டிட்டா ஹைவேஸ்ல இன்ஜின் போதுமான சூட்டுக்கே வராது. இன்னும் குளிர்ந்தே கிடக்குன்னு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும். மைலேஜ் போச்சு, ஆயிலும் சீக்கிரம் கெடும். சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதுல கழட்டினா கூலன்ட்ல ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம திரும்பிடும். ஹீட் ஆகக் கூடாதுன்னு கழட்டின வண்டி, கழட்டினதாலயே ஹீட் ஆகும்!

என் வண்டி ஏற்காடு ஏறும்போதுதான் முதல்ல டெம்பரேச்சர் முள் மேல போச்சு. 20 கொண்டை ஊசி வளைவு, செகண்ட் கியர், காத்தோட்டம் கிடையாது. கொஞ்சம் கூலன்ட் குறைஞ்சிருந்தாலும் அங்க தெரிஞ்சிடும். ஒர்க் ஷாப்ல விட்டேன். எதையும் பார்க்கல. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிக் கையில குடுத்துட்டாங்க. கொஞ்ச நாள்லயே கூலன்ட் டேங்க்ல லெவல் மறுபடி இறங்குது. கேட்டா, "அது ஆவியாப் போகும் சார்." இறுக்கி மூடி, பிரஷர்ல ஓடுற சிஸ்டம்ங்க அது. ஆவியாகி எங்க போகும்?

வேற ஒரு மெக்கானிக் அண்ணன் பேச்சே இல்லாம டார்ச்சை எடுத்து வாட்டர் பம்ப் அடியில அடிச்சார். அங்க ஒரு சின்ன ஓட்டை. உள்ள சீல் தேய்ஞ்சா கூலன்ட் வெளியே கசிஞ்சு காட்டிக்குடுக்கணும்னே கம்பெனி வச்ச ஓட்டை. அதுக்குக் கீழ பச்சைக் கறை, ஓரமெல்லாம் வெள்ளையா உப்புப் பூத்து. இன்ஜின் சூட்டுல வழிய வழியக் காய்ஞ்சதால தரையில ஒரு சொட்டு விழல. "இதைக் குனிஞ்சு பார்க்கலையா சார் அவங்க?"ன்னு கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

பெரிய வித்தையாங்க இது? காலையில ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டரோட மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க, ஃபேன் பக்கம் கை போகாம. கொஞ்ச நேரம் குளிர்ச்சியா இருந்து, அப்புறம் சட்டுனு சூடேறணும். ஆரம்பத்துலேர்ந்தே வெதுவெதுன்னு ஏறினா வால்வு திறந்தபடி நின்னிருக்கு. முள் மேல ஏறியும் ஹோஸ் சில்லுனு இருந்தா மூடினபடி சிக்கியிருக்கு. சந்தேகம் தீரலையா, கழட்டித் தண்ணியில போட்டுக் கொதிக்கவிட்டா திறக்குதா இல்லையான்னு கண்ணால பார்த்துடலாம். லீக்குக்குப் பிரஷர் டெஸ்டர் இருக்கு. மூடி மேல 0.9, 1.1னு போட்டிருக்கிற அளவுக்குப் பம்ப் அடிச்சுக் காத்திருந்தா, முள் இறங்குறதே சொல்லிடும். வெளியில எங்கயும் கசிவில்லாமலே லெவல் குறைஞ்சா ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படணும்.

ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? ரேடியேட்டருக்குள்ள மஞ்சள் தூளைக் கொட்டுறாங்க. ஓட்டை அடைபடுதோ இல்லையோ, உள்ள இருக்கிற மெல்லிசுக் குழாய் அடைபடும். மேல போர் தண்ணி. அந்த உப்பெல்லாம் உள்ளயே படியும். பாதிக்குப் பாதி கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர்னு மேனுவல்ல அச்சடிச்சிருக்கு. யார் பிரிச்சுப் பார்க்குறாங்க?

இப்ப வர்ற பல கார்ல டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. நீல லைட்டு, சிவப்பு லைட்டு, அவ்வளவுதான். எனக்கு வயித்தைக் கலக்குறது இதுதான். கூலன்ட் மொத்தமா வழிஞ்சுட்டா சென்சார் வெறும் காத்துல நிக்கும். இன்ஜின் கொதிச்சாலும் சரியான சூட்டைக் காட்டாது. சிவப்பு லைட்டு வர்றதுக்குள்ள ஹெட் வளைஞ்சிருக்கும்.

எங்க தெருவுல கால் டாக்ஸி ஓட்டுற தம்பிக்கு அப்படித்தான் ஆச்சு. அவன் வண்டியிலயும் "தேவையில்ல"ன்னு கழட்டியிருந்தாங்க, லீக்கை யாரும் தேடல. ஒழுங்கா ஒரு தடவை டெஸ்ட் பண்ணியிருந்தா சில நூறு ரூபாயோட முடிஞ்சிருக்கும். இப்ப ஹெட்டைக் கழட்டி லேத்துக்கு அனுப்பியிருக்காங்க, பில்லு பல ஆயிரம். வண்டி ஷெட்டுல நிக்குது, வருமானமும் நின்னுடுச்சு. லோன் டியூ நிக்குமா?