மறைக்கப்படும் வருத்தமும் மறுக்கப்படும் காப்புறுதியும்

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், கொரோனாவினால் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானதும், 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் எமது வர்த்தகர்கள் அறிந்த விடயங்களே. முன்பெல்லாம் இரவிரவாக பஸ்ஸில் கொழும்பு சென்று கட்டுநாயக்கவில் விமானம் ஏறியவர்கள், இன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டு அன்றே மண்ணடியில் நிற்கிறார்கள். வியாபாரத்துக்கு இது நல்ல காலம்தான்.

ஆனால், இப்படிப் போய்வருபவர்களில் பெரும்பாலானோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குச் சீனி வருத்தம், இன்னொருவருக்குப் பிரஷர், மற்றொருவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட். சரக்குக்குக் காப்புறுதி தேடும் இவர்கள், தம் உடலுக்கு ஒன்றில் காப்புறுதியே எடுப்பதில்லை. அல்லது ரிக்கட்டுடன் முகவர் தரும் பத்திரத்தை வாசிக்காமலே பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பத்திரத்தின் பொடி எழுத்துக்களில்தான் விடயம் இருக்கிறது. ‘பிரயாணத்துக்கு முன்னரே இருந்த நோய்களுக்கும் அவற்றால் ஏற்படும் விளைவுகளுக்கும் பொறுப்பில்லை’ என்பது சாதாரணப் பிரயாணக் காப்புறுதிகள் பலவற்றில் உள்ள நிபந்தனை. ‘விளைவுகள்’ என்ற அந்த ஒரு சொல்லில் மாரடைப்பு, பாரிசவாதம், சிறுநீரகக் கோளாறு எல்லாமே அடங்கிவிடலாம். எனக்குத் தெரிந்த வர்த்தகர் ஒருவர் சென்னையில் நெஞ்சுவலியுடன் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். படிவத்தில் பிரஷர் இல்லை என்றிருந்தது. சட்டைப்பையில் பிரஷர் மாத்திரை இருந்தது. நிறுவனம் கையை விரித்தது. சரக்குக்குக் கொண்டுபோன பணம் வைத்தியசாலை முற்பணமாயிற்று. அந்தப் பருவத்து வியாபாரமும் போயிற்று.

காப்புறுதியின் அடிப்படையே நம்பிக்கைதான். 1766இல் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்ட் பிரபு வழங்கிய தீர்ப்பில், காப்புறுதி எடுப்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான விடயங்களை மறைக்கக் கூடாது என்றார். நம்மவர்கள் அறியவேண்டிய மறுபக்கமும் அதில் உண்டு. மறைக்கக் கூடாது என்ற கடமை இரு தரப்புக்கும் உரியது என்பதையும் அவர் அதே தீர்ப்பில் கூறினார். அப்படியிருக்க, வாடிக்கையாளரிடம் நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று தாமே நிரப்பிக் கையொப்பம் வாங்கும் முகவர்களை என்னவென்பது? பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சாதாரண வாடிக்கையாளர்களிடம் தேவையான விபரங்களைத் தெளிவாகக் கேட்பது நிறுவனத்தின் பொறுப்பு. கவனமாகவும் உண்மையாகவும் பதில் சொல்வது வாடிக்கையாளரின் பொறுப்பு. இதுவே நியாயமான முறை.

நோயாளிகளை எடுத்தால் நட்டம் வரும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வழியும் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கக் கனடா செல்லும் பெற்றோருக்கான ‘சூப்பர் விசா’வுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டொலர் மருத்துவக் காப்புறுதி ஒரு வருடத்துக்கு வேண்டும். அதற்காக விற்கப்படும் பத்திரங்கள் சிலவற்றில், பழைய நோய் குறிப்பிட்ட நாட்களுக்கு மாற்றமின்றிக் கட்டுப்பாட்டில் இருந்தால் அதற்கும் ஈடு உண்டு. கட்டணம் கூட, நிபந்தனை கடுமை. அந்த நாட்களுக்குள் மாத்திரையின் அளவு மாறினாலும் சிக்கல் வரலாம். இருந்தும் பொருள் கடையில் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கலாம். உம்ரா விசாவுடன் சேர்ந்து வரும் காப்புறுதியை மட்டும் நம்பிப் போகிறவர்களும், அது அவசர சிகிச்சைக்கானது என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

எனவே எமது வர்த்தகர் சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். வருடத்தில் பலமுறை சில நாட்களுக்குச் சென்னை, திருச்சி சென்றுவரும் உறுப்பினர்களைத் திரட்டி, சீனி, பிரஷர், இருதய நோய்களையும் உள்ளடக்கிய ஒரு கூட்டுக் காப்புறுதியைத் தருமாறு நிறுவனங்களிடம் கேளுங்கள். தனியாளாகக் கேட்டால் ‘இல்லை’ என்பவர்கள், நூறு பேராகக் கேட்டால் விலை சொல்வார்கள். மொத்தக் கொள்வனவின் பலம் வியாபாரிக்குத் தெரியாததா? தக்காபுல் நிறுவனங்களிடமும் இதைக் கேட்கலாம்.

அதுவரை, படிவத்தை நீங்களே நிரப்புங்கள். உள்ள நோயை எழுதுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியை இணையுங்கள். இந்த நோய்க்கு ஈடு உண்டா, எவ்வளவு தொகைக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவரின் வாய்வார்த்தை போதாது. வைத்தியர் மருந்தை மாற்றினால் அதையும் அறிவியுங்கள். நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். அதிலும் தீர்வில்லையேல் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். கட்டணமில்லை.

சரக்கில் குறையிருந்தால் வாங்குபவருக்குச் சொல்லி விற்பவனே நல்ல வியாபாரி. உடலின் குறையைச் சொல்லிக் காப்புறுதி எடுப்பதும் அதுபோன்றதே. சொல்வதனால் கட்டணம் சில ஆயிரம் கூடலாம். மறைத்தால் போவது கடையின் முதல்.