எரிந்த வீட்டை இடிக்கத்தான் வேண்டுமா?

ஆசிரியருக்கு,

பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் பழைய ‘சால்’ கட்டடத்தில் தீப்பிடித்தால் இடித்துவிடுவதே வழி என்ற பேச்சு மும்பையில் உடனே எழும். அதற்கு மறுப்பாகச் சென்னையில் ஒரு கட்டடம் நிற்கிறது.

சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 1768-இல் ஆற்காட்டு நவாபுக்காக எழுந்தது. 2012 ஜனவரித் தீயில் கூரை விழுந்தது. ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். பொதுப்பணித் துறை அதைப் பழைய சுண்ணாம்புச் சாந்து முறையிலேயே மீட்டது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது.

அரண்மனைக்கு அரசுப் பணம் உண்டு, சாலுக்கு யார் தருவார்? நியாயமான கேள்விதான். ஆனால் மீட்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. தேக்கு உத்தரம் கருகினால் கரியைச் செதுக்கிப் பார்க்க வேண்டும்; உள்ளே பெரும்பாலும் வலுவான மரம் இருக்கும். இரும்பு உத்தரமோ 600 டிகிரி வாக்கில் பாதி வலுவை இழந்துவிடும். வளைந்ததை நம்பவே கூடாது. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் மழைக்கால ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வயரிங் முழுக்கப் புதிதாக வேண்டும். அதில் மட்டும் பழைமைப் பாசம் வேண்டாம்.

இடிக்க ஆணையிடும் முன், கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையைக் குடியிருப்போரிடம் மாநகராட்சி காட்ட வேண்டும். தங்கள் இதழ் இதை வலியுறுத்தி எழுத வேண்டும்.

– ஒரு வாசகர், மாட்டுங்கா லேபர் கேம்ப், மும்பை