மேலதிகாரிக்கும் பரீட்சை உண்டு

காரியதரிசியின் கைவேகத்துக்குப் பரீட்சை இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசாங்கம் நடத்தும் ஆங்கிலத் தட்டெழுத்துப் பரீட்சையில் கீழ்நிலைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, மேல்நிலைக்கு 45 வார்த்தை. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் மேல்நிலைக்கு 120 வார்த்தை. ஆனால், அவரிடம் வேலை வாங்கும் மேலதிகாரியை அளக்க எந்தப் பரீட்சையும் இல்லை. காரியதரிசியின் வேலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் அவர் கையில்தானே இருக்கிறது?

மேலதிகாரிகளில் மூன்று ரகம் உண்டு. அதட்டி வேலை வாங்குகிறவர் ஒருவர். ‘எப்படியோ பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடுகிறவர் இன்னொருவர். காரணம் சொல்லி, யோசனை கேட்டு, முடிவுக்குத் தாமே பொறுப்பேற்கிறவர் மூன்றாமவர்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற மனோதத்துவ அறிஞர் கர்ட் லெவின், லிப்பிட், வைட் என்ற இருவருடன் சேர்ந்து, அயோவாவில் பத்து வயதுச் சிறுவர்களின் கைவேலைக் குழுக்களை இந்த மூன்று முறைகளிலும் நடத்திப் பார்த்தார். ஆராய்ச்சி 1939-ல் வெளிவந்தது. அதட்டலுக்கு அடங்கிய குழுக்கள், தலைவர் எதிரே இருக்கையில் நேரத்தில் நூற்றுக்கு 74 பங்கை வேலையில் செலவிட்டன. அவர் வெளியே போனதும் அது 29 ஆக இறங்கிற்று. கலந்து பேசி நடத்திய குழுக்களிலோ 50 என்பது 46 ஆகத்தான் குறைந்தது.

சிறுவர் வேறு, காரியதரிசி வேறு என்பது உண்மையே. அதிகாரி நகர்ந்ததும் அவர் விளையாடப் போவதில்லை. இங்கே நஷ்டம் வேறு வழியில் வருகிறது. அதிகாரி சொல்லச் சொல்ல எழுதும்போது, ஒரு தேதி பிசகாக இருப்பது காரியதரிசிக்குத் தெரிகிறது. தொகையில் ஒரு பூஜ்யம் குறைகிறது. குறுக்கே பேசினால் எரிந்து விழுவார் என்று அறிந்தவர் வாய் திறப்பாரா? பிழையோடு கடிதம் போய்ச் சேருகிறது. விட்டேற்றியான அதிகாரியிடமோ எது அவசரம் என்றே தெரிவதில்லை. மாலை ஐந்து மணிக்கு, ‘அந்தக் கடிதம் எங்கே?’ என்று கேட்கும்போதுதான் தெரிகிறது.

இன்று கணினி வந்து, பல அதிகாரிகள் தம் கடிதத்தைத் தாமே அடித்துக்கொள்கிறார்கள். காரியதரிசியிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் விரல் வேலையல்ல, மூளை வேலை. எது முந்தி, எது பிந்தி, யாரைச் சந்திக்க வேண்டும், எதை ஞாபகப்படுத்த வேண்டும் என்ற விவேகம் அது. விரலை அதட்டி ஓட்டலாம். விவேகத்தை அதட்டி வாங்க முடியாது.

அவசர வேளையில் கண்டிப்பான உத்தரவு தேவைதான். அதுவே தினசரி வழக்கமாகிவிடக் கூடாது. காலையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து அன்றைய காரியங்களை வரிசைப்படுத்தலாம். பிழையைச் சுட்டிக்காட்டினால் நன்றி சொல்லலாம். பிறர் எதிரில் கடிந்து பேசாமல் இருக்கலாம். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

மேலதிகாரி ஒரு வாரம் வெளியூர் போய் வரட்டும். அந்த வாரத்தில் காரியாலயம் எப்படி நடந்தது என்பதே அவருக்கு உரிய பரீட்சை.