வரம்பும் நீரும்

வரம்பின் உயர்விலிருந்து அரசின் உயர்வுவரை செல்லும் ஔவையார் வாழ்த்தினை முப்பதாண்டுகளாக வகுப்பில் விளக்கி வருகின்றேன். சென்ற சிறுபோகத்தில், கிளிநொச்சியிலே, என்னிடம் பயின்ற ஒருவரின் வயலிற் கண்ட காட்சி அவ்விளக்கத்தைச் சற்றே தடுமாறச் செய்தது. துளையிட்ட குழாயொன்றைச் சேற்றில் நாட்டியிருந்தார். "நீர் இதனுள்ளே, நிலமட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கும்வரை பாய்ச்சுவதில்லை, ஐயா" என்றார்.

நனைத்தும் காயவிட்டும் பயிர் வளர்க்கும் இம்முறையைப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பி வருகின்றது. நீர்ச்செலவு 30 சதவீதம்வரை குறையும். தேங்கிய சேற்றில் எழும் மெதேன் வாயுவும் ஏறத்தாழப் பாதியாகும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குன்றலாகாது. அப்பருவத்தில் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடப்பின் மணிகள் பதராதலும் உண்டு.

இச்சிக்கனத்துக்கு இன்று நேர்ந்த தேவை யாது? மழை குறைந்தது என்பதினும் முறை பிறழ்ந்தது என்பதே பொருந்தும். 2016 இன் இறுதியில் மாரி பொய்த்தது. நாற்பதாண்டு காணாத வறட்சி தொடர்ந்தது. 2018 மார்கழியிலோ ஓரிரு நாள் மழைக்கே இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் வெள்ளத்தைக் கொணர்ந்தது. குளத்தில் இடமுள்ளபோது மழையில்லை. மழை கொட்டும்போது குளத்தில் இடமில்லை. காலபோகத்துக்கு வானமும் துணை. சிறுபோகமோ குளத்தில் எஞ்சிய நீரையே நம்பியது.

எனினும், வயலில் நீரை நிறைத்து வைப்பாரைப் பேராசைக்காரர் எனப் பழித்தல் தகாது. நீர் நின்றாற் களை அடங்கும் என்பது அவர் அறிந்த உண்மை. நீரை வற்றவிட்டபின் களைபிடுங்கும் கூலியை யார் கொடுப்பது? (அறிவுரை கூறுவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.) அன்றியும், வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவருக்குத் தம் முறைநீர் வருமோ வராதோ என்னும் ஐயம். ஐயமுள்ளவர் கிடைத்த அன்றே தேக்கி வைப்பார். சொன்ன நாளிலே துருசு திறக்கும், திறந்த நீர் கடைசி வயல்வரை சேரும் என்ற உறுதியின்றி, 15 சென்ரிமீற்றர்வரை எவர் பொறுத்திருப்பார்? குழாயின் விலை சிறிது, இவ்வுறுதியே கிடைத்தற்கரியது.

என் மாணவரின் வயல் துருசுக்கு அணித்தாயுள்ளது. அதே வாய்க்காலின் கடைக்கோடியிலுள்ள அவர் மைத்துனரின் வயலுக்கும் சென்றேன். அங்கே குழாயில்லை. வரம்பு மாத்திரம் ஒரு சாண் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது.