மியூசிக் சர்வர் வாங்கினால் பாட்டு நன்றாகக் கேட்குமா?

காலை நடைக்கு வரும் நண்பர்களிடையே இப்போது ஒரு புதுப் பேச்சு. பாட்டுக் கேட்பதற்கென்றே தனியாக ஒரு மியூசிக் சர்வர் வாங்கலாமா என்பதுதான் அது. பாட்டுகளைச் சேமித்து வைத்து ஆம்ப்ளிஃபயர் பக்கம் அனுப்பும் கம்ப்யூட்டர்தான் அந்தப் பெட்டி. லட்சத்தைத் தாண்டும் விலையிலும் கிடைக்கிறது. லேப்டாப்பில் வராத துல்லியம் இதில் வரும் என்கிறார்கள். அதற்காக ஓய்வுக்காலப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

கம்ப்யூட்டருக்குள் பாட்டு என்பது வெறும் எண்கள். சி.டி. என்றால், விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து குறித்த எண்கள். அவற்றைத் திரும்ப ஒலியாக்குவது 'டாக்' என்கிற கருவி. சர்வர் அந்த எண்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. நம் பென்ஷன் தொகை வங்கியின் எந்தக் கம்ப்யூட்டர் வழியாக வந்தாலும் ஒரு பைசா கூடுகிறதா, குறைகிறதா? அதுபோலத்தான் இதுவும்.

எண் சரியாக இருந்தாலும் நேரம் பிசகுமே என்பார்கள். இன்றைய யு.எஸ்.பி. டாக்குகளில் பெரும்பாலானவை எண்களை வாங்கி வைத்துக்கொண்டு, தம் சொந்தக் கடிகாரப்படிதான் வெளியே விடுகின்றன. அனுப்பியது எந்தப் பெட்டி என்பது அங்கே பொருட்டில்லை.

லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து நேராக வயர் இழுத்தால் சில சமயம் உள்ளிருக்கும் மின் இரைச்சலும் சேர்ந்து வரும். அதன் விசிறிச் சத்தமும் தொல்லைதான். முதல் குறைக்குச் சில ஆயிரம் ரூபாயில் ஒரு டாக் போதும். இரண்டாவதற்கு, விசிறியே இல்லாத ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போதும்.

நம் காருகுறிச்சி அருணாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகி அம்மாவின் குரலோடு போட்டி போடும் அந்த நாகஸ்வரம், அன்றைய ஒலிப்பதிவில் எவ்வளவு பிடிபட்டதோ அவ்வளவுதான் இன்றும் இருக்கும். அதில் இல்லாததை எந்தச் சர்வரும் கொண்டுவராது.

கேட்பவருக்கு வித்தியாசம் தருவது ஸ்பீக்கரும் அறையும். மொசைக் தரை, வெறும் சுவர், மேலே ஓடும் மின்விசிறி, இதுதான் நம் வீடுகள். பத்தமடைப் பாய் அழகுதான். எதிரொலியைக் குறைக்க கனமான ஜமுக்காளமும் திரைச்சீலையும் வேண்டும். நம்பிக்கை வரவில்லையா? பேரனை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். டாக்கும் ஒலி அளவும் ஒன்றாகவே இருக்கட்டும். பத்துத் தடவையில் ஒன்பது தடவை சரியாகச் சொல்லிவிட்டால் தாராளமாக வாங்குங்கள்.

என் கவலை வேறு. நம் வீட்டுப் பரண்களில் கோயில் கொடைக் கச்சேரிகளும், நெல்லை வானொலியிலிருந்து பிடித்த நிகழ்ச்சிகளும் கேசட்டுகளாகக் கிடக்கின்றன. கடையில் கிடைக்காத பதிவுகள் அவை. ஈரத்திலும் வெயிலிலும் நாடா பூசணம் பிடித்து வீணாகிறது. நல்ல கேசட் பிளேயர் ஒன்றைத் தேடிப்பிடித்து, தலையைத் துடைத்து, அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். எம்.பி.3 வேண்டாம், ஒலியைக் குறைக்காத ஃபிளாக் வடிவில் வையுங்கள். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம். பெட்டியை அடுத்த வருஷமும் வாங்கலாம். நாடா அதுவரை தாங்குமா என்பதுதான் கேள்வி.