மலைக்கோட்டையும் ஆகாயமும்

மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ ஸ்தாபனம் 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தமிழர் பெருமிதம் கொள்வது நியாயமே. 1690 முதல் 1698 வரை மொகலாயப் பெருஞ்சேனையைத் தடுத்து நிறுத்தியவை இம்மலைகளின் உயரமும் மதிலுமேயாகும்.

உயரத்தை ஆள்வோனே நாட்டைக் காப்பான் என்னும் அவ்வுண்மை இன்று மலையை விட்டு ஆகாயத்திற்கு ஏறிவிட்டது. அவ்வாகாயத்திலும் நமக்குப் பழஞ் சரித்திரம் உண்டு என்பதை எத்தனை பேர் அறிவர்? ரைட் சகோதரர் 1903-இல் பறந்தனர். ஏழே ஆண்டுகளில், 1910-இல், சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி ஆஞ்சலிஸ் என்பவர், சிம்ஸன் கம்பெனியின் பட்டறையில் கட்டிய விமானத்தில் பல்லாவரத்தில் பறந்தார். பம்பாய் விமானக் கழகத்தில் பயின்ற ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10-இல் இந்தியாவின் முதல் எண் விமானி லைசென்ஸைப் பெற்றார். 1932 அக்டோபர் 15-இல் அவர் கராச்சியிலிருந்து தொடங்கிய தபால் மார்க்கம் சென்னையில் வந்து முடிந்தது. சென்னையிலும் விமானக் கழகம் தோன்றிற்று.

ஆயுதம் வைத்திருக்கவே அந்நிய சர்க்காரின் அனுமதி வேண்டியிருந்த அக்காலத்தில், இக்கழகங்கள் நம்மவர்க்கு ஆகாயத்தின் கதவைத் திறந்தன. ஆயினும் அதனுள் புகுந்தவர் பெரும்பாலும் செல்வந்தரே. சுதந்திரம் பெற்ற பின்னரும் அக்குறை தீர்ந்தபாடில்லை. விமானியாகப் பயில இன்றும் பல லட்சம் ரூபாய் வேண்டும். செஞ்சிக் குடியானவனின் மகனும் மகளும் அதற்கு எங்கே போவார்கள்?

இச்சரித்திரத்தைப் பாடப் புத்தகத்தில் சேர்ப்பதோடு, தகுதியுள்ள ஏழை மாணவர்க்குப் பயிற்சிச் செலவு முழுவதையும் சர்க்காரே ஏற்கவேண்டும். கோட்டையைக் காப்பது முன்னோர்க்கு நாம் செலுத்தும் கடன். நம் பிள்ளைகளைப் பறக்கப் பழக்குவது பின்வருவோர்க்குச் செலுத்தவேண்டிய கடன்.