நீள ஜீப்பும் காலி இருக்கையும்

ஐந்து கதவு வைத்த நீளமான ஜீப் சொந்தமாக வாங்கத் தகுந்ததுதானா என்ற கேள்விக்கு ஓசூர்ப் பக்கம் இரண்டு ஆயத்தப் பதில்கள் இருக்கின்றன. முதல் பதில் தூய்மைவாதிகளுடையது. ஜீப் என்றால் குட்டையாக, மூன்று கதவோடு, பின்னால் உட்காருபவரின் முழங்கால் மோவாயில் இடிக்கும்படித்தான் இருக்க வேண்டும். நீட்டியது கலப்படம் என்பார்கள். இரண்டாவது பதில் வாங்குபவர்களுடையது. மனைவி மக்களையும் ஏற்றலாம், மலையிலும் ஏறலாம், ஒரே வண்டியில் இரண்டும் கிடைத்துவிட்டது, இனி என்ன யோசனை என்பார்கள். இரண்டு பதில்களும் பிழையானவை என்பது என் தரப்பு. முதலாவது வரலாறு அறியாத பிழை. இரண்டாவது, தன் வாழ்க்கையைத் தானே எண்ணிப் பார்க்காத பிழை. முன்னதை மன்னித்துவிடலாம், பின்னதற்குக் கொடுக்கும் விலை அதிகம்.

(இலக்கியம் பேசும் இடத்தில் வண்டிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு சமூகம் எதை ஆசைப்படுகிறது, அந்த ஆசைக்கு என்ன பெயர் சூட்டுகிறது என்பதை அதன் கதைகளில் மட்டுமல்லாமல், அது கடன் வாங்கி நிறுத்தி வைக்கும் பொருள்களிலும் படிக்கலாம் என்று நம்புகிறவன் நான். மேலும், ஜீப் என்ற பெயர் ஒரு நிறுவனத்துக்கு உரியது என்பது தெரியும். நம் ஊர் வழக்கில் இந்த இனம் முழுவதுக்கும் அதுதான் பெயர் என்பதால் இங்கும் அப்படியே.)

முதலில் தூய்மைவாதிகள். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், 80 அங்குலம். அது சிப்பாய்களுக்காக, வேவு பார்க்க, கப்பலில் அடுக்கி அனுப்ப அளந்த அளவு. போர் முடிந்து வண்டி குடிமக்கள் கைக்கு வந்ததுமே நீளத் தொடங்கிவிட்டது. 1948இல் 80 அங்குலத்தோடு பிறந்த லேண்ட் ரோவருக்கு 1954இல் 107 அங்குல உருவம் வந்தது. வில்லிஸ் 1955இல் தன் சிஜே-5 வண்டியை 20 அங்குலம் நீட்டி சிஜே-6 ஆக்கியது. 1947 முதல் இங்கே வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிவந்த மஹிந்திராவின் எம்எம்540 வண்டிக்கு 91 அங்குலம். அதையும் தாண்டி நீண்டது கமாண்டர். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள், மேலே படுதா, அதற்கும் மேலே மூட்டைகள்.

தமிழர்களுக்கு ஜீப் என்றால் உண்மையில் அந்த நீள வண்டிதான். கம்பம், போடி பக்கத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வண்டியில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொன்னதோ அதைவிட இரண்டு மடங்கு பேர் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்கள். அது ஆபத்தானது, விபத்துகளும் நடந்திருக்கின்றன. அந்தப் பயணத்தை அழகுபடுத்திப் பேசுவது என் நோக்கமில்லை. சொல்ல வருவது இவ்வளவே: நம் நாட்டில் ஜீப் நீண்டது ஆட்களுக்காக. நீளம் என்பது மேலும் சிலருக்கு இடம் கொடுப்பதற்கான ஏற்பாடு. குட்டை ஜீப்பே அசல் என்று சாதிப்பவர்கள், பட்டாளத்து அளவைப் பிடித்துக்கொண்டு ஊரார் அளவைப் போலி என்கிறார்கள். அமெரிக்காவிலேயே ராங்க்ளர் வண்டிக்கு 2007 மாடலில் நான்கு கதவு உருவம் வந்தபின், விற்பனையில் பெரும்பங்கு அதற்கே போயிற்று.

ஆகவே நீளம் குற்றமில்லை. நீட்டியதால் வண்டி என்ன பெறுகிறது, என்ன இழக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று கதவுத் தாரின் வீல்பேஸ் 2450 மில்லிமீட்டர். 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸுக்கு 2850. கூடிய 400 மில்லிமீட்டர் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு முழத்தில் பின்னிருக்கைக்காரர் காலை நீட்டுகிறார், பெட்டிகளுக்கு இடம் கிடைக்கிறது. வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்குவதற்கும் பின்சக்கரம் ஏறுவதற்கும் இடைவெளி கூடுவதால் ஆட்டம் குறைகிறது. நெடுஞ்சாலையில் வண்டி நேராக நிற்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் பின்னுக்குச் சாயும் பயமும் குறையும். இழப்பது எங்கே என்றால், மேடு தாண்டும்போது. முன்சக்கரங்கள் வரப்புக்கு அப்பாலும் பின்சக்கரங்கள் இப்பாலும் நிற்கும் கணத்தில் வண்டியின் வயிறு அந்த வரப்பின்மேல் இருக்கிறது. இரண்டு அச்சுகளும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு எளிதாக வயிறு தட்டும். குறுகிய வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியும் வரும். ஆக, தாருக்குள் புகுத்திய அந்த ஒரு முழம், காட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து நெடுஞ்சாலைக்குக் கொடுத்த முழம். இந்தக் கொடுக்கல் வாங்கலில் மோசடி ஏதும் இல்லை. விளம்பரங்கள் அதைக் கொடுக்கல் வாங்கல் என்று சொல்லாமல் இரட்டை லாபம் என்று சொல்வதில்தான் மோசடி.

வீல்பேஸ் என்ற சொல்லின் பொருள் ஓசூருக்குத் தெரியாததில்லை. அசோக் லேலண்டின் லாரிகள் உருவாகும் ஊர் இது. லாரி வாங்குபவர் முதலில் தன் லோடு என்ன என்று சொல்கிறார். கல்லா, பஞ்சா, தக்காளியா. எத்தனை டன், எந்தப் பாதை. அதற்கேற்ற வீல்பேஸில் சேஸ் எடுத்து, நாமக்கல்லுக்கு அனுப்பிப் பாடி கட்டுகிறார். சுமை முதலில், நீளம் பிறகு. லாரிக்காரர் எவரும் நீளமான சேஸை ஆசைக்கு வாங்கி நிறுத்திவிட்டு, இதில் எதை ஏற்றலாம் என்று பிறகு யோசிப்பதில்லை. தவணை கட்ட வேண்டும் என்ற பயம் அவரை அறிவாளியாக்கியிருக்கிறது. அதே ஊரில், அதே சிப்காட்டில் சம்பளம் வாங்குகிறவர் ஜீப் என்று வரும்போது தலைகீழாக நடக்கிறார். நீளம் முதலில், சுமை பிறகு, பல நேரங்களில் சுமை இல்லவே இல்லை.

ஒருவர் ஓசூரில் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறார், அல்லது கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் தொழிற்சாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வண்டி வாரத்தில் ஐந்து நாள் தேசிய நெடுஞ்சாலை 44இல், சூளகிரி வழியாகவோ ஜூஜூவாடியையும் அத்திப்பள்ளியையும் கடந்தோ, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும். உள்ளே ஒரே ஒரு ஆள். நான்கு இருக்கைகள் காலி. நான்கு சக்கரத்துக்கும் விசை அனுப்பும் பற்சக்கரப் பெட்டியின் எடையையும் அந்த ஒருவர் தினமும் இழுத்துச் செல்கிறார். ராக்ஸ் வந்தபோது அதன் ஆரம்ப விலை 12.99 லட்சம் என்று அறிவித்தார்கள். அந்த விலையில் கிடைத்தது பின்சக்கர விசை மட்டும் உள்ள வண்டி. நாற்சக்கர விசை டீசலில் மட்டும், 18.79 லட்சத்தில் தொடங்கியது. 2023 நவம்பரில் உயர்த்திய தமிழக வரி விகிதப்படி 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம். அந்த விலைக்குக் கணக்கிட்டால் வரி மட்டும் ஏறத்தாழ 3.4 லட்சம். நீளத்துக்கே தனி வரியும் உண்டு. 4 மீட்டருக்கு உட்பட்ட சிறு எஞ்சின் கார்களுக்குச் சலுகை என்ற முறை 2006 நிதிநிலை அறிக்கையில் தொடங்கியது. 2025 செப்டம்பர் 22இல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்திலும் அது தொடர்கிறது: சிறு கார்களுக்கு 18 சதவீதம், 4.4 மீட்டர் நீளமுள்ள ராக்ஸ் போன்றவற்றுக்கு 40 சதவீதம்.

இவ்வளவும் கொடுத்து வாங்கியவர் வெறும் பின்சக்கர விசை வண்டியை வாங்கியிருந்தால், அவரிடம் இருப்பது ஜீப் முகமூடி போட்ட குடும்பக் கார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடும்பக் கார் நல்ல பொருள். ஆனால் அதைக் குடும்பக் கார் என்று எண்ணி, மற்ற குடும்பக் கார்களோடு ஒப்பிட்டு வாங்கியிருக்க வேண்டும். ஜீப் என்று எண்ணி வாங்கியதால், எதனோடும் ஒப்பிடாமல் வாங்கிவிட்டார்.

இதற்கு மறுமுனைச் சாட்சி ஜிம்னி. 2023 ஜூனில் இந்தியாவில் வந்த ஐந்து கதவு ஜிம்னியின் எல்லா வகைகளிலும் நாற்சக்கர விசை உண்டு; 2590 மில்லிமீட்டர் வீல்பேஸ், 4 மீட்டருக்குள் அடங்கும் உடல். கரட்டுப் பாதையில் போகவேண்டும் என்பதே ஆசையென்றால் ஜனங்கள் அதை மொய்த்திருக்க வேண்டும். இங்கே அது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. இங்கிருந்து கப்பலேறி ஜப்பானுக்குப் போன அதே வண்டிக்கு 2025 தொடக்கத்தில் சில நாள்களில் சுமார் 50,000 பேர் முன்பதிவு செய்ய, பதிவையே நிறுத்த வேண்டியதாயிற்று. சக்கரம் நான்கும் சுழல்வதை நாம் கேட்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது பெரிதாகத் தெரிவதைக் கேட்டோம் என்று இதற்குப் பொருள் கொண்டால் தவறாகாது.

‘வாரக்கடைசியில் அஞ்செட்டிப் பக்கம் போவேனே’ என்று நண்பர்கள் சொல்வார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ‘ஆஃப்-ரோடு’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பாருங்கள். தார்ச்சாலையே உலகம், மற்றதெல்லாம் அதற்கு வெளியே என்று எண்ணுகிறவர் சொல் அது. தேன்கனிக்கோட்டை வட்டத்தில் வசிப்பவர்களுக்கு வண்டித்தடம், ஒற்றையடிப்பாதை, கரட்டுப் பாதை என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஒவ்வொன்றும் யாரோ நடந்து போட்டது, யாரோ ஒருவர் வீட்டுக்குப் போவது. பெட்டமுகிலாளம் மலைக்கிராமங்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியை நாம் நம் ஞாயிற்றுக்கிழமைச் சாகசம் என்கிறோம். மழைக்குப்பின் ஈர மண்ணில் நம் அகலச் சக்கரங்கள் போடும் பள்ளம் காய்ந்து இறுகி, திங்கட்கிழமை அவர்கள் காலை இடறுகிறது.

அது வெறும் வழியுமில்லை, காடு. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக்கூட்டங்கள் வருகின்றன. இரவெல்லாம் பரண்மீது கண்விழித்துக் காவல் காக்கும் விவசாயிக்கும், வழி தேடும் யானைக்கும் நடுவே, கூரைமேல் நான்கு விளக்கு பூட்டிய ஜீப் எந்தத் தரப்புக்கும் உதவாத மூன்றாவது ஆள்.

‘என் பணம், என் ஆசை, உனக்கென்ன?’ என்ற கேள்வி நியாயமானது. ஆசைக்கு வாங்குவதை நான் தடுக்கவில்லை. புத்தகத்தைப் படிக்காமல் அடுக்கி வைக்கும் நாம் வண்டிக்காரரைப் பழிப்பதற்குத் தகுதி குறைந்தவர்கள்தாம். ஆனால் அலமாரியில் தூங்கும் புத்தகம் டீசல் குடிப்பதில்லை, ஓடை மணலைக் கிளறுவதில்லை. ஆசையை ஆசை என்று சொல்லி வாங்குங்கள். தேவை என்று சொல்லி ஐந்து ஆண்டுத் தவணைக்கு வீட்டாரைச் சம்மதிக்க வைப்பதைத்தான் பொய் என்கிறேன்.

அப்படியானால் யாருக்குத் தகும்? அஞ்செட்டி, தளி பக்கம் நிலம் வைத்து, மழைக்காலத்தில் சேற்று வழியில் ஆட்களோடும் உரமூட்டையோடும் போய்வர வேண்டியவருக்குத் தகும், நாற்சக்கர விசையோடு. ஆறேழு பேர் சேர்ந்து மலையூருக்குப் போய்வரும் வீட்டுக்குத் தகும். 2024இல் வந்த ஐந்து கதவு கூர்க்கா 2825 மில்லிமீட்டர் வீல்பேஸில் ஏழு பேரை ஏற்றி, நாற்சக்கர விசையையும் எல்லா வண்டியிலும் தருகிறது; பழைய கமாண்டரின் வாரிசு என்று சொல்லத் தகுந்தது அதுதான். மற்றவர்கள் ஒரு மாதம் கணக்கு எழுதிப் பார்க்கட்டும். எத்தனை நாள் பின்னிருக்கை நிறைந்தது, எத்தனை நாள் தார்ச்சாலையை விட்டு வேலையாக இறங்க நேர்ந்தது என்று இரண்டே பத்திகள். முதல் பத்தி மட்டும் நிறைந்தால் நல்ல குடும்பக் கார் போதும். இரண்டாவது மட்டும் நிறைந்தால் குட்டை ஜீப் போதும். இரண்டும் நிறைந்தவருக்கே நீள ஜீப். இரண்டும் வெறுமையாக இருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறை வாடகைக்கு எடுத்துக்கொள்வது கோடிப் பங்கு மேல்.

தனிமனிதக் கணக்கோடு இது முடிந்துவிடவும் இல்லை. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவந்தார்கள் என்று மலைக்கிராமங்களிலிருந்து இன்றும் நாளிதழில் செய்தி வருகிறது. மலையேறக்கூடிய, ஏழு பேர் அமரக்கூடிய, ஒரு நோயாளியைப் படுக்க வைக்கக்கூடிய நீள வண்டியைச் செய்யும் திறமை நம்மிடம் இருக்கிறது. அதை வாங்கும் பணமும் இந்த எல்லைப்புறத்தில் புழங்குகிறது. இருந்தும் அந்த வண்டிகள் அடுக்ககங்களின் அடித்தளத்தில் தூசி படாமல் நிற்கின்றன. மலைப் பஞ்சாயத்து ஒவ்வொன்றுக்கும் இத்தகைய வண்டி ஒன்றும் அதற்கொரு ஓட்டுநரும் வேண்டும் என்று நாம் அரசைக் கேட்க வேண்டும். நீள ஜீப் வாங்கத் தகுந்ததா என்று என்னைக் கேட்டால், தகும், முதலில் பெட்டமுகிலாளத்துக்கு வாங்குங்கள் என்பேன்.